பிங்துவானில் ஒன்பது வருடம்

போன மாதம் பயிற்சி வகுப்பில் உங்களில் ஒருத்தி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அன்ரி, சீரியஸா கேக்கிறன். உங்களால ஒரு ஆளின்ர கேஸ் எப்பவாவது பழுதாப் போனதோ?" வகுப்பு முழுக்கச் சிரித்தது. நேரமாகிவிட்டது, பிறகு சொல்கிறேன் என்று நானும் தப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு வெட்கமாக இருந்தது. மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து ஓய்வுபெற்றவள், புதிதாக வந்த பிள்ளை கேட்ட நேரான கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். ஓம், ஒருமுறை அப்படிப் போகப் பார்த்தது.

உங்களில் அநேகர் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் வேலை செய்யப் போகிறவர்கள். நான் தமிழோடு சீனமும் செய்தவள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு புலமைப்பரிசில் கிடைத்து ஷாங்காய்க்குப் போனேன். நெசவுப் பொறியியல் படிக்க ஏழு வருடம் அங்கே இருந்தேன். பிறகு ரொறன்ரோவுக்கு வந்தபோது நெசவுப் பொறியியலை இங்கே ஒருவரும் கேட்கவில்லை. என் சீனமொழியைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விசாரணை, குடிவரவு அலுவலகம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போனேன்.

அந்தச் சீனத்தைப் பற்றி எனக்குப் பெரிய பெருமை இருந்தது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்கு மரபுத்தொடர்ப் போட்டி ஒன்று வைத்தபோது நான்தான் முதலாவது. அந்த மொழியில் போரையும் படையையும் வைத்துச் சொல்லும் தொடர்கள் எண்ணிலடங்காதவை. 'பிங்' என்றால் படைவீரன். எங்கள் விடுதிப் பக்கத்தில் வயதானவர்கள், "நல்ல இரும்பை ஆணியாக அடிக்க மாட்டார்கள், நல்ல ஆண்பிள்ளை பிங் ஆக மாட்டான்" என்று பழமொழி சொல்வார்கள். அதே வீதியில் என் வகுப்புத் தோழன் ஒருவன் தகப்பனின் பழைய இராணுவத் தொப்பியை மழையிலும் வெயிலிலும் கழற்றாமல் போட்டுக்கொண்டு திரிவான். இவற்றையெல்லாம் பார்த்தும் கேட்டும் கொப்பியில் எழுதியும் வைத்திருந்தபடியால், பிங் என்ற சொல்லில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்தேன்.

அந்த நினைப்போடுதான் ஒரு வைகாசி மாதக் காலை, குடிவரவு அலுவலகத்தில் லியூ அம்மாவைச் சந்தித்தேன். பெயரை மாற்றியிருக்கிறேன். கதையைச் சொல்ல அவரிடமே அனுமதி வாங்கினேன்.

லியூ அம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. கட்டையான ஆள், நரைத்த குட்டை முடி. கணவர் இறந்த பிறகு இருந்த வீட்டை விற்றுவிட்டு, ஒரே மகளோடு வாழ ஸ்காபரோவுக்கு வந்தவர். இங்கேயே நிரந்தரமாக இருக்க விண்ணப்பித்திருந்தார். அன்றைய நேர்காணல் அதற்குத்தான். மகள் என்னைக் கண்டதும் முகம் சுளித்தாள். "சீன ஆக்கள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" என்று அங்கிருந்த அலுவலரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் சீனத்திலேயே, ஷாங்காய்ச் சாயலோடு, "தங்கச்சி, நான் அங்கே ஏழு வருடம் இருந்தவள். உங்கள் அம்மா ஒரு சொல் சொன்னால் அதன் வேரையும் சொல்லுவேன்" என்றேன். லியூ அம்மா வாய்விட்டுச் சிரித்தார். இனி அவர் பேசியதை எங்கள் பேச்சுத் தமிழில்தான் தரப் போகிறேன். வேறு தமிழில் எழுதினால் அவர் குரல் எனக்கே கேட்காது. மகளைப் பார்த்து, "உன்ர சீனத்தைவிட இவவின்ர சீனம் வடிவாயிருக்கு" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மகளை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் உள்ளே போனோம்.

நேர்காணல் செய்த அதிகாரி மரியாதையான மனிதர். அவரில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிறந்த ஊர், படித்த பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தார். பதினேழு வயதுக்கும் இருபத்தாறு வயதுக்கும் இடையில் எங்கே இருந்தீர்கள் என்றார்.

"பிங்துவானில இருந்தனான். வடகிழக்குப் பக்கம். ஒன்பது வருசம்."

பிங் என்றால் படைவீரன். துவான் என்றால் அணி. அகராதியில் பார்த்தால் பிங்துவான் என்பது பெரிய இராணுவப் படைப்பிரிவு. நான் ஒரு கணமும் யோசிக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: "வடகிழக்கில் ஓர் இராணுவப் படைப்பிரிவில் ஒன்பது வருடம் சேவை செய்தேன்." கவனியுங்கள், அவர் 'இருந்தனான்' என்றுதான் சொன்னார். 'சேவை செய்தேன்' என்பது நான் சேர்த்தது.

அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார். "இராணுவ சேவை உண்டா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே?"

"ஓம், இல்லைத்தானே" என்றார் லியூ அம்மா.

அதிகாரியின் குரல் மாறியது. உங்களுக்கு மேலே யார் இருந்தார் என்று கேட்டார். 'லியன்ஜாங்' என்றார் அம்மா. கம்பனித் தளபதி என்றேன். ஆயுதம் இருந்ததா? "இருந்தது. பத்துப் பேருக்கு ஒரு துவக்கு. கிழமையில ஒருநாள் காட்டித் தருவினம்." அதையும் சொன்னேன். அங்கிருந்து விலகிப் போக முயற்சி செய்தீர்களா? "இல்லை. போனா தாவ்பிங் எண்டு பேர் வைச்சிருவினம்." தாவ்பிங் என்றால் படையைவிட்டு ஓடியவன். அப்படியே சொன்னேன். அங்கே இருந்தவர்கள் யாரோடாவது இப்போது தொடர்பு உண்டா? "பக்கத்தில மார்க்கம் நகரத்தில ஒரு ஜான்யோ இருக்கிறா. ஞாயிற்றுக்கிழமையில வருவா." ஜான்யோ என்றால் ஒன்றாய்ப் போரிட்ட தோழர். அதையும் சொன்னேன்.

ஒவ்வொரு சொல்லையும் அகராதிப்படி சரியாகத்தான் சொன்னேன். ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த அம்மாவின் மேல் ஒரு சீருடை ஏறிக்கொண்டே இருந்தது.

கடைசியாக அதிகாரி, "அங்கே உங்கள் கடமை என்ன?" என்று கேட்டார்.

"பண்டி வளத்தனான். முப்பது பண்டி. லியன்ஜாங் என்னட்டைத்தான் பொறுப்புத் தந்தவர்."

நான் சொன்னதும் அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "பன்றிகளா?"

"பன்றிகள்."

"இராணுவத்துக்காகவா?"

கேட்டுச் சொன்னேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "தின்னுறவைக்காக" என்றார்.

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்குள் ஏதோ இடறியது. ஒரு படைவீரர் ஒன்பது வருடம் பன்றி வளர்ப்பாரா? இந்தப் பிங்துவான் நான் நினைத்த பிங்துவான்தானா? நான் கையை உயர்த்தி, 'மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது' என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நீங்கள் முதல் வாரத்திலேயே படிக்கும் வசனம் அது. தமிழ் விசாரணைகளில் நான் அதை நூறு தடவை சொல்லியிருக்கிறேன். எங்கள் பெடியன் ஒருவன் "இயக்கத்துக்கு வேலை செய்தனான்" என்று சொன்னால் நான் அப்படியே கடந்து போனதே இல்லை. என்ன வேலை என்று கேட்க அனுமதி கேட்பேன். பங்கர் வெட்டியவனும் இருப்பான், சோறு கட்டிக் கொடுத்தவனும் இருப்பான், துவக்குத் தூக்கியவனும் இருப்பான். மூன்று பேரும் சொல்வது அதே சொற்கள்தான்.

தமிழில் கேட்க எனக்கு வெட்கம் இருக்கவில்லை. தமிழ் என் மொழி. கேட்டால் கவனமானவள் என்று நினைப்பார்கள். சீனத்தில் கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்கள். வெளியே ஒரு மகள் காத்துக்கொண்டிருந்தாள். வேரையும் சொல்லுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தவள் நான். வாயை மூடிக்கொண்டு மிச்சக் கேள்விகளையும் மொழிபெயர்த்தேன்.

முடிவில் அதிகாரி சொன்னார்: "உங்கள் விண்ணப்பமும் வாய்மொழியும் பொருந்தவில்லை. இது பொய்த் தகவல் என்று கருதப்படலாம். கடிதம் வரும், பதில் சொல்ல வாய்ப்பு உண்டு." பொய்த் தகவல் என்று முடிவாகிவிட்டால் விண்ணப்பம் மட்டும் போகாது. சில வருடங்களுக்கு இந்த நாட்டுக்குள் வரவே முடியாது. வீட்டை விற்றுவிட்டு வந்த மனுஷி.

வாசலில் லியூ அம்மா என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தார். "நீர் நல்லாச் சொன்னனீர் பிள்ளை. அவர் ஏன் கோவிச்சவர் எண்டுதான் விளங்கேல்லை." மகள் வந்து தாயை அழைத்துக்கொண்டு போனாள்.

டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்ததும் உடுப்புக்கூட மாற்றாமல் ஷாங்காய்க்குத் தொலைபேசி எடுத்தேன். இங்கே மாலை ஏழு மணி, அங்கே காலை ஏழு. விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் பேசினாள். பிங்துவான் என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஏனடி, பரிசெல்லாம் எடுத்த உனக்குத் தெரியாதோ?" என்று சிரித்தாள். "என்ர பெரியண்ணாவும் போனவர். எங்கட பட்டினத்துப் பெடி பெட்டையளைத் தூரத்தில கொண்டுபோய்க் காடு வெட்டி விதைக்க விட்டினம். பண்ணைதான். ஆனா பேரெல்லாம் ஆமிப் பேர். அணி, கம்பனி, தளபதி. அண்ணா எட்டு வருசம் பீற்றூட் நட்டவர். இண்டைக்கும் அவையள் ஆளையாள் ஜான்யோ எண்டுதான் கூப்பிடுவினம்."

நான் குறுக்கிட்டேன். "அப்ப அவை படைவீரர் இல்லைத்தானே?"

"அப்பிடிச் சொல்லேலாது. எல்லையில துவக்கோட காவல் நிண்ட ஆக்களும் இருந்தவை. ஆள் ஆளைப் பொறுத்தது. உன்ர ஆள் எது? அவவிட்டக் கேட்டியோ?"

"இல்லை."

"ஏன் கேக்கேல்லை?"

நேரமாகிவிட்டது, பிறகு பேசுகிறேன் என்று தொலைபேசியை வைத்தேன்.

என் கணவருக்கு மிசிசாகாவில் விமான நிலையத்தில் வேலை. களைத்து வந்தவருக்குத் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். ஆட்களின் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. என் பிழையை மட்டும் சொன்னேன். நாளைக்குப் போய் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

"ஆரும் முறைப்பாடு குடுத்தவையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"ஆருக்காவது தெரியுமோ?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன் நீர் வலியப் போய் மாட்டுப்படுறீர்? உம்மட வேலையெல்லோ போகும். அவையளுக்கு லோயர் இருப்பார், பாப்பார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. இரண்டு பேர் உழைப்பில்தான் வீடு ஓடியது; அவர் பயம் நியாயமான பயம். நான் வாதாடவில்லை. அவர் தேத்தண்ணியைக் குடித்தபடி யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். காலிக் கோப்பையை வைத்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"என்ர அகதி விசாரணையில நானும் ஒரு சொல் விட்டனான். ரெயினிங் எடுத்தனான் எண்டு. ஆயுதப் பயிற்சி எண்டு நினைச்சிருப்பினம், விசாரிச்சவைக்கு முகம் கறுத்துப் போச்சு. எனக்கு என்ன நடக்குதெண்டே விளங்கேல்லை. அப்ப அந்த மொழிபெயர்ப்பாளர் கையை உயத்தி, தான் ஒண்டு கேக்க வேணும் எண்டார். என்னைப் பாத்து, 'தம்பி, என்ன ரெயினிங்?' எண்டார். பள்ளிக்கூடத்தில முதலுதவி ரெயினிங், காயத்துக்குத் துணி கட்டுறது எண்டன். அவ்வளவுதான்."

இருபது வருடம் ஒன்றாய் வாழ்ந்தும் எனக்கு அவர் இதைச் சொன்னதில்லை.

"அந்த மனிசன்ர பேரும் எனக்குத் தெரியாது" என்றார். "அவர் கேக்காமல் விட்டிருந்தா நான் இஞ்ச இல்லை. எழுதும். நாளைக்கு நான் காரில கொண்டுபோய் விடுறன்."

மேசையில் இருந்து எழுதத் தொடங்கினேன். முதல் கடிதம் ஒரு முழுப் பக்கம் வந்தது. ஏழு வருடம் படித்தது, போட்டியில் முதலாவதாக வந்தது, இந்தச் சொல் எவ்வளவு அரிதானது என்று முக்கால்வாசி என்னைக் காப்பாற்றும் வேலைதான் அதில் இருந்தது. வாசித்துப் பார்த்துக் கிழித்தேன். இரண்டாவதில், 'விண்ணப்பதாரர் ஒருபோதும் படைவீரராக இருந்ததில்லை. அவர் பண்ணைத் தொழிலாளி' என்று உறுதியாக எழுதினேன். இந்த முறை நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்து, பெயர் இருந்த இடத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த வரியைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"உமக்கெப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.

எனக்குத் தெரியாது. அறைத்தோழியின் அண்ணாவைத்தான் தெரியும். காலையில் கேட்காமல் அந்த அம்மாவைப் படைவீரர் ஆக்கியவள், மாலையில் கேட்காமலே அவரைப் பண்ணைத் தொழிலாளி ஆக்கப் பார்த்தேன். நல்லெண்ணத்தில் செய்தாலும் இரண்டும் ஒரே பிழை. புதியவர்களில் நல்ல மனசுள்ளவர்கள் விழும் குழி இது. பாவம் பார்த்துச் சேர்க்கும் ஒரு சொல், ஆணவத்தில் சேர்த்த சொல்லைப் போலவே மற்றவரின் கதையைத் திருடிவிடும்.

மூன்றாவது கடிதம் சிறியது. 'பிங்துவான் என்ற சொல்லை இராணுவப் படைப்பிரிவு என்று மொழிபெயர்த்தேன். அந்தச் சொல்லுக்கு இராணுவப் பெயர்களோடு நடத்தப்பட்ட அரச பண்ணை அமைப்பு என்ற பொருளும் உண்டு. எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் விண்ணப்பதாரரைக் கேட்கவில்லை. அவர் சொல்லாத சேவை என்ற சொல்லையும் நான் சேர்த்தேன். அதன்பின் மொழிபெயர்த்த தளபதி, ஓடியவர், போர்த் தோழர் என்ற சொற்களும் இந்தப் பிழையின் மேல் கட்டப்பட்டவை. உண்மை எது என்று எனக்குத் தெரியாது. அவரிடம் மறுபடியும் கேட்கும்படி வேண்டுகிறேன். பிழை என்னுடையது.'

மறுநாள் காலை கணவர் சொன்னபடியே கொண்டுபோய் விட்டார். எங்கள் மொழிபெயர்ப்பு நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். "இது உன் கோப்பில் ஏறும். ஒருவரும் கேட்காததை நீயாக வந்து சொல்கிறாய், தெரியும்தானே?" என்றார். தெரியும் என்றேன். அவர் பெருமூச்சு விட்டு அதன் மேல் திகதி முத்திரையைக் குத்தினார். அன்றே அது குடிவரவு அலுவலகத்துக்குப் போனது.

என் சீன வேலை நிறுத்தப்பட்டது. மறுபடி பரீட்சை எழுதித் தேறும்வரை தமிழ் மட்டும்தான். நான்கு மாதம் அப்படிப் போனது. முதல் இரண்டு வாரமும் ரெலிபோன் அடிக்கும்போதெல்லாம் தமிழையும் நிறுத்தப் போகிறார்கள் என்று பயப்படுவேன். 'புல்லும் மரமும் எல்லாம் பிங்' என்று சீனத்தில் ஒரு தொடர் உண்டு. தோற்று ஓடிய படைக்கு மலையில் அசையும் புல்லெல்லாம் எதிரியாகத் தெரிந்ததாம். எங்கள் ஊரில் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்தச் சீனத் தொடரைப் போட்டியில் சொல்லிப் பரிசு வாங்கியவளுக்கு அதன் பொருள் அந்த இரண்டு வாரத்தில்தான் விளங்கியது.

பிறகு ஒருநாள் என் பழைய கொப்பியைத் தூசு தட்டி எடுத்தேன். பிங் வரும் சொற்களையெல்லாம் புதிதாக எழுதினேன். 'தாளில் பிங் பேசுதல்' என்றொரு தொடர் இருக்கிறது. புத்தகத்தில் மட்டும் போர் படித்துவிட்டுப் படை நடத்தப் போனவனைச் சொல்வது. எங்கள் ஏட்டுச் சுரைக்காய்தான். அதற்குப் பக்கத்தில் என் பெயரைச் சின்னதாக எழுதினேன். இந்த முறை ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுதி நிறுத்தவில்லை. இதைச் சொல்பவர் எந்த ஊர், எந்த வயது, எந்தக் காலத்தைச் சொல்கிறார், நான் என்ன கேட்க வேண்டும் என்று எழுதினேன். தாய்வானிலிருந்து வந்த பெடியன் "பிங் ஆகப் போனேன்" என்றால் கட்டாய சேவை. உள்நாட்டுப் போரைக் கண்ட கிழவர் ஒருவர் சொன்னால், அவரைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அந்தக் கொப்பியைப் பயிற்சி அறை அலுமாரியில் உங்களுக்காக வைத்திருக்கிறேன். பொருளைப் பாடமாக்க வேண்டாம். கேள்விகளைப் பாருங்கள்.

பரீட்சையில் தேறினேன். சீன வேலை மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் லியூ அம்மாவுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் வேலையில் அதைத் தேடிப் போகக்கூடாது, நீங்களும் போகாதீர்கள். ஸ்காபரோவில் சீனக் கடைகளுக்குப் போகும்போது மட்டும், நரைத்த குட்டை முடியோடு யாராவது கீரை பொறுக்கிக்கொண்டு நின்றால் ஒருதரம் உற்றுப் பார்ப்பேன்.

ஒன்றரை வருடம் கழித்து ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வேலை, கண்ணில் வெண்புரை சத்திரசிகிச்சை. "நீதான் வேண்டுமாம். அந்தத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால் வேறு ஒருவரும் வேண்டாம் என்று நோயாளியின் மகள் பிடிவாதமாக நிற்கிறாள்."

ஆஸ்பத்திரி வாசலில் மகள் நின்றாள். என்னைக் கண்டதும் விறுவிறென்று நடந்து வந்தாள். எனக்குக் கால் பின்வாங்கியது. அவள் பேசத் தொடங்கினாள்.

"எங்கட லோயர் குடிவரவுக் கோப்பை எடுப்பிச்சவர். அதுக்குள்ள உங்கட கடிதம் இருந்தது. அம்மாவை மறுபடி கூப்பிட்டவை. வேற மொழிபெயர்ப்பாளர் வந்தவர். ஒபீசர் முதல் கேள்வியே, 'பிங்துவான் எண்டா என்ன, நீங்களே சொல்லுங்கோ' எண்டுதான் கேட்டவராம். அம்மா ஒரு மணித்தியாலம் பண்டிக் கதை சொல்லிப்போட்டு வந்தவ." அவள் சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "போன மார்கழியில நிரந்தர வதிவிடம் கிடைச்சிட்டுது."

உள்ளே லியூ அம்மா ஆஸ்பத்திரி அங்கியோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் கிட்டப் போய், ஒன்றரை வருடமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன். ஒத்திகை பார்த்தபடி வரவில்லை.

அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இருத்தினார். "ஏதோ பிசகிப்போச்செண்டு அண்டைக்கே எனக்குத் தெரியும். உம்மட முகத்தில தெரிஞ்சது. ஆனா ஒண்டு சொல்லுறன் பிள்ளை. பதினேழு வயசில என்னை ரெயில் ஏத்தி அனுப்பினவையில இருந்து, எனக்குப் பிழை விட்ட ஆக்கள் கனபேர். அது என்ர பிழை எண்டு எழுதித் தந்தது நீர் ஒராள்தான். கண்ணில கத்தி வைக்கேக்க பக்கத்தில ஆர் வேணும் எண்டு மகள் கேட்டா. நான் யோசிக்கவே இல்லை."

நான் கண்ணைத் துடைத்து முடிக்கும் முன்பே கண் மருத்துவர் உள்ளே வந்துவிட்டார். இளம் பெண், அவசரத்தில் இருந்தார். சிகிச்சையை விளக்கினார், வரக்கூடிய ஆபத்துகளையும் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். ஏதாவது கேட்க வேண்டுமா, பயமாக இருக்கிறதா என்றார்.

லியூ அம்மா தலையணையில் தலையைச் சாய்த்தபடி சீனத்தில் சொன்னார்: "பிங் வந்தால் தளபதி மறிப்பார், வெள்ளம் வந்தால் மண் மறிக்கும்."

அது எனக்கு மனப்பாடம். சீனம் படிக்கும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மருத்துவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை உயர்த்தினேன். "மொழிபெயர்ப்பாளர் அம்மாவிடம் ஒன்று தெளிவுபடுத்த வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "அம்மா, இதை என்ன கருத்தில சொல்லுறீங்கள்?"

"உமக்குத் தெரியாதோ?" என்றார் அவர், பொய்க் கோபத்தோடு.

"தெரியும் அம்மா. எண்டாலும் கேக்கிறன்."

அவர் கட்டில் குலுங்கச் சிரித்தார். கதவடியில் நின்ற மகளும் சிரித்தாள். "சரி, எழுதிக்கொள்ளும். என்ன வந்தாலும் அதுக்கொரு வழி இருக்கு. இந்த டொக்ரர்ப் பிள்ளை தன்ர வேலையைப் பாக்கட்டும், நான் என்ர வேலையைப் பாக்கிறன். என்ர வேலை அசையாமல் கிடக்கிறது. பயமில்லை எண்டு சொல்லும். கொஞ்சம் பயம் எண்டும் சொல்லும்."

பயமில்லை என்றும், கொஞ்சம் பயம் என்றும், இரண்டையும் அப்படியே சொன்னேன். மருத்துவர் தன் அவசரத்தை விட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கொஞ்சப் பயம் எதைப் பற்றியது என்று கேளுங்கள் என்றார்.